காய்ச்சல் தணிந்த பின் தொடங்கும் நோய்: வைரஸ் தொற்றும் தன்னெதிர்ப்பு நோய்களும்

வைரஸ் காய்ச்சல் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சில நாட்களிலோ சில வாரங்களிலோ முழுமையாக நலம் பெறுகின்றனர். காய்ச்சலுக்குப் பின் சிறிது காலம் நீடிக்கும் களைப்பும் உடல்வலியும் இயல்பானவையே. ஆயினும் சிலருக்குக் காய்ச்சல் முற்றிலும் நீங்கிய பிறகு, முன்னர் இல்லாத வேறொரு தொல்லை புதிதாகத் தலைகாட்டுகிறது. காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன, கால்கள் வலுவிழக்கின்றன, தோலில் காரணமின்றிச் செம்புள்ளிகள் தோன்றுகின்றன, குழந்தை இரவெல்லாம் தண்ணீர் கேட்கிறது. இவற்றை ‘காய்ச்சல் விட்ட அசதி’ என்று கருதி வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டு, நோய் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. இதற்கு நேர்மாறாக, சாதாரண மூட்டுவலியையே பெரும் நோயென்று அஞ்சித் தேவையற்ற பரிசோதனைகளுக்குப் பணத்தையும் மன அமைதியையும் இழப்போரும் உண்டு.

இவ்விரு நிலைகளையும் தவிர்க்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். வைரஸ் தொற்றுக்குப் பின் உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நிலை எவ்வாறு உண்டாகிறது, அதற்கான வாய்ப்பு எவ்வளவு, எந்த அறிகுறியைக் கண்டால் எத்துணை விரைவாக மருத்துவரை அணுக வேண்டும் என்பனவற்றை இங்கே விளக்குகிறோம்.

தன்னைத் தான் அறியும் ஆற்றல்

நம் இரத்தத்திலும் நிணநீரிலும் உலவும் வெள்ளையணுக்கள் கிருமிகளை இனங்கண்டு அழிக்கின்றன. இவ்வேலையைச் செய்வதற்கு அவை ஒரு கடினமான பாடத்தை முதலில் கற்றாக வேண்டும்: எது நம் உடலின் பகுதி, எது அயல் பொருள் என்பதே அது. வெள்ளையணுக்களுள் ஒரு வகையான டி அணுக்கள், மார்பெலும்பின் பின்புறம் அமைந்துள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைகின்றன. அங்கே உடலின் சொந்தப் புரதங்கள் அவற்றுக்குக் காட்டப்படுகின்றன. சொந்தப் புரதத்தைக் கண்டு தாக்க முற்படும் அணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன.

இந்தத் தேர்வு முழுமையானதன்று. தன்னுடலைத் தாக்கக்கூடிய அணுக்களுள் சில தப்பி வெளியே வந்துவிடுகின்றன. அவை நம் எல்லாருடைய உடலிலும் உள்ளன. அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே ‘ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்’ என்னும் தனிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. இப்பிரிவைக் கண்டறிந்து விளக்கியமைக்காகவே 2025-ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது.

இந்தக் கட்டுப்பாடு குலைந்து, எதிர்ப்பாற்றல் சொந்த உறுப்புகளைத் தாக்கத் தொடங்கும்போது உண்டாவனவே தன்னெதிர்ப்பு நோய்கள். மருத்துவர்கள் ‘ஆட்டோஇம்யூன்’ என்று குறிப்பிடுவது இவற்றைத்தான். முடக்குவாதம், லூபஸ், முதல் வகை நீரிழிவு, தைராய்டு நோய்களுள் சில, சில நரம்பு நோய்கள் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை தொற்றுநோய்கள் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இவை பரவுவதில்லை என்பதால், நோயாளியுடன் உண்பதற்கோ உறங்குவதற்கோ தயங்க வேண்டியதில்லை.

வைரஸ் இந்த ஒழுங்கை எவ்வாறு குலைக்கிறது?

நான்கு வழிகள் முதன்மையாகக் கூறப்படுகின்றன. ஒரே நோயாளியிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் சேர்ந்து செயற்படுவதும் உண்டு.

முதலாவது, உருவ ஒற்றுமை. கிருமியின் ஒரு பகுதி, நம் உடற்புரதம் ஒன்றின் பகுதியை ஒத்திருக்கலாம். கிருமியை எதிர்த்து உருவான எதிர்ப்பொருள், அந்தச் சாயலைக் கொண்டு சொந்தப் புரதத்தையும் பகையெனக் கருதித் தாக்குகிறது. பாக்டீரியாவால் உண்டாகும் தொண்டைப்புண்ணுக்குப் பின் சில குழந்தைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதற்கு நெடுங்காலமாக அறியப்பட்ட சான்று. தொண்டைக் கிருமியைத் தாக்க எழுந்த எதிர்ப்பாற்றல் அங்கே இதய வால்வுகளைப் பழுதாக்குகிறது.

இரண்டாவது, சுற்றி நிற்பவை விழித்தெழுதல். வைரஸைத் தாக்கும் போரில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் பெருமளவு சுரக்கின்றன. அந்தச் சூழலில், அதுவரை அடங்கிக் கிடந்த தன்னெதிர்ப்பு அணுக்களும் கிளர்ந்தெழக்கூடும்.

மூன்றாவது, மறைந்திருந்தவை வெளிப்படுதல். வைரஸ் ஒரு திசுவைச் சிதைக்கும்போது, உயிரணுக்களின் உள்ளே இருந்த புரதங்கள் வெளியே சிந்துகின்றன. எதிர்ப்பாற்றல் அதுவரை எதிர்கொள்ளாத அப்புரதங்கள் அயல் பொருள்களாகக் கருதப்பட்டுத் தாக்குதலுக்கு உள்ளாகலாம்.

நான்காவது, நீங்காமல் தங்குதல். சில வைரஸ்கள் உடலிலேயே நெடுங்காலம் தங்கி எதிர்ப்பாற்றலை ஓயாமல் தூண்டுகின்றன. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இவ்வகையைச் சேர்ந்தது. அதனால் உருவாகும் எதிர்ப்பொருள் திரள்கள் சிலருக்கு இரத்தக்குழாய்களிலும் சிறுநீரகத்திலும் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. இங்கே நல்ல செய்தியும் உண்டு: தற்போதைய மாத்திரைகளால் அந்த வைரஸை நீக்கும்போது, பலருக்கு இரத்தக்குழாய் அழற்சியும் தணிகிறது.

உறுதிப்பட்ட சில தொடர்புகள்

எப்ஸ்டைன்-பார் வைரஸும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும்: 1964-இல் கண்டறியப்பட்ட இவ்வைரஸ் உமிழ்நீர் வழியே பரவுவது. உலகில் வயதுவந்தோருள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இது உள்ளது. பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே அறிகுறி ஏதுமின்றி இத்தொற்றைப் பெறுகின்றனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை எதிர்ப்பாற்றல் சிதைக்கும் நோய். அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளையும், சேமிக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளையும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய் கண்டவர்களுள் மாதிரிகள் கிடைத்த 801 பேரில் ஒருவரைத் தவிர அனைவரும் நோய்க்கு முன்னரே இவ்வைரஸின் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். தொற்றுக்குப் பின் அந்நோயின் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்திருந்தது. அதே ஆண்டில், இவ்வைரஸின் புரதம் ஒன்று மூளையில் உள்ள புரதம் ஒன்றை ஒத்திருப்பதை மற்றோர் ஆய்வுக் குழுவினர் காட்டினர். முன்னர்க் கூறிய உருவ ஒற்றுமைக்கு இது தெளிவான சான்று.

கில்லன்-பாரே நோய்: கை கால் நரம்புகளை எதிர்ப்பாற்றல் திடீரெனத் தாக்குவதால் உண்டாகும் தளர்ச்சி இது. 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவரைப் பாதிக்கிறது. நோயாளிகளுள் மூன்றில் இரு பங்கினருக்கு, அதற்கு முந்தைய ஆறு வாரங்களுக்குள் சளிக்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருக்கும். 2013-14-இல் பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளில் ஸிகா வைரஸ் பரவியபோது 42 பேருக்கு இந்நோய் கண்டது. வைரஸ் மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே நகரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இந்நோயின் ஐயத்துக்கு உள்ளானபோது, மாசுபட்ட நீரின் வழியே பரவும் கேம்பைலோபேக்டர் என்னும் பாக்டீரியா முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது.

சிக்குன்குனியா மூட்டழற்சி: 1952-இல் இன்றைய தான்சானியாவில் முதன்முதலில் இனங்காணப்பட்ட இந்நோயின் பெயர், ‘வளைந்து போதல்’ என்னும் பொருளுடைய மக்கோண்டே மொழிச் சொல். மூட்டுவலியால் குனிந்து நடப்போரின் தோற்றமே பெயராயிற்று. தமிழகத்திலும் 1960-களில் பரவிய இது, நீண்ட இடைவெளிக்குப் பின் 2006-இல் இந்தியாவின் பல மாநிலங்களைப் பெருமளவில் தாக்கியது. காய்ச்சல் சில நாட்களில் விடும். ஆனால் ஒரு பகுதியினருக்கு மூட்டுவலி மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது. கை விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றில் வீக்கத்துடன் தோன்றும் இந்த மூட்டழற்சி, முடக்குவாதத்தைப் போலவே காட்சியளிக்கும். இரண்டையும் பிரித்தறிவது சிகிச்சைக்கு இன்றியமையாதது.

குழந்தைகளுக்கு வருவன: வைரஸ் காய்ச்சலுக்குச் சில வாரங்களுக்குப் பின் சில குழந்தைகளின் எதிர்ப்பாற்றல் இரத்தத் தட்டணுக்களைத் தாக்குகிறது. தோலில் ஊசிமுனை அளவுச் செம்புள்ளிகளும், அடிபடாமலே நீலக் கன்றல்களும் தோன்றுகின்றன. இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் முழு நலம் பெறுகின்றனர். ஆயினும் இரத்தப் புற்றுநோய், டெங்கு போன்ற வேறு காரணங்கள் இல்லையென்று மருத்துவர் உறுதிசெய்தாக வேண்டும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிவதால் வரும் முதல் வகை நீரிழிவுக்கும், என்டெரோவைரஸ் தொற்றுகளுக்கும் தொடர்பிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

எண்களை எவ்வாறு படிப்பது?

‘32 மடங்கு’ என்பதைப் படித்தவுடன் அச்சம் எழுவது இயல்பே. அந்த எண்ணின் மறுபக்கத்தையும் காண வேண்டும். எப்ஸ்டைன்-பார் வைரஸ் உலக மக்களுள் மிகப் பெரும்பாலோரிடம் உள்ளது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயுடன் வாழ்வோரோ, 2020-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் ஏறத்தாழ 28 இலட்சம் பேர். அதாவது, அந்நோய் தோன்ற வைரஸ் ஏறக்குறைய இன்றியமையாததாக இருக்கலாம். ஆனால் வைரஸ் மட்டும் இருந்தால் நோய் வந்துவிடாது.

கோவிட் தொற்றைப் பற்றிய எண்களையும் இவ்வாறே நோக்க வேண்டும். ஜெர்மனியில், முன்னர்த் தன்னெதிர்ப்பு நோய் இல்லாதவர்களுள், 2020-இல் கோவிட் கண்ட ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரையும், தொற்றில்லாத பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரையும் ஒப்பிட்டு ஆய்வு ஒன்று நடந்தது. தொற்றுக்கு ஆளானோரிடையே தன்னெதிர்ப்பு நோய் புதிதாகக் கண்டறியப்படும் வாய்ப்பு 43 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதையே வேறு வகையில் சொல்வோம்: ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், தொற்றில்லாதோருள் சுமார் 10 அல்லது 11 பேருக்கும், தொற்று கண்டோருள் சுமார் 15 பேருக்கும் நோய் கண்டறியப்படுகிறது. ஆயிரத்துக்கு நான்கு அல்லது ஐந்து பேர் கூடுதல். எஞ்சிய 985 பேருக்கு அவ்வாண்டில் அந்நோய் வருவதில்லை. மேலும், கோவிட் கண்டவர்கள் மருத்துவரை அடிக்கடி சந்திப்பதால், ஏற்கெனவே மறைந்திருந்த நோய்கள் வெளிப்படுவதும் இந்த எண்ணிக்கையில் ஓரளவு கலந்திருக்கும்.

ஆயிரத்துக்கு ஐந்து என்பது தனி மனிதருக்குச் சிறிய ஆபத்து. கோடிக்கணக்கானோர் தொற்றுக்கு ஆளாகும் நாட்டில் அது ஒரு சிறு எண்ணிக்கையன்று. ஆகவேதான் அச்சமும் தேவையில்லை, அலட்சியமும் கூடாது என்கிறோம்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

ஒரே வீட்டில் நால்வருக்கு ஒரே காய்ச்சல் வந்தாலும், ஒருவருக்கு மட்டும் பின்விளைவு தோன்றுவதேன் என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. மரபணு அதன் ஒரு பகுதி. எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுத் தொகுதி, கிருமியின் துணுக்குகளை வெள்ளையணுக்களுக்கு எடுத்துக்காட்டும் புரதங்களை உருவாக்குகிறது. அதன் சில வகைகளைப் பெற்றவர்களுக்குக் குறிப்பிட்ட சில தன்னெதிர்ப்பு நோய்கள் எளிதில் வருகின்றன. பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோருக்கு இத்தகைய நோய் இருப்பின் வாய்ப்பு சற்று உயர்கிறது. இந்நோய்களுள் பல பெண்களையே அதிகம் தாக்குகின்றன. லூபஸ் நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். புகைபிடித்தல் முடக்குவாதத்துக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது; நம் கையில் உள்ள காரணங்களுள் இது முதன்மையானது.

நோயாளியின் உணவுப் பழக்கமோ, வீட்டார் காய்ச்சலின்போது செய்த பணிவிடையில் ஏதேனும் குறையோ இந்நோய்க்குக் காரணமன்று. தாய்மார் பலர் தம்மையே நொந்துகொள்வதைக் காண்கிறோம். அதற்கு இடமேயில்லை.

எந்த அறிகுறிக்கு எவ்வளவு விரைவு?

உடனே, அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டியவை:

• கால்களில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும் வலுவின்மை. மாடிப்படி ஏறவோ தரையிலிருந்து எழவோ இயலாமை. விழுங்குவதிலும் மூச்சு விடுவதிலும் தடுமாற்றம். முகம் ஒருபுறமோ இருபுறமோ தளர்தல்.
• பார்வை திடீரென மங்குதல், சிறுநீர் கழிக்க இயலாமை, குழப்பம், வலிப்பு.
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு, மயக்கம்.
• செம்புள்ளிகளுடன் மூக்கு, ஈறு, மலம், சிறுநீர் ஆகியவற்றில் இரத்தக்கசிவு.
• குழந்தைக்கு மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு ஆகியவற்றுடன் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த விரைவான மூச்சு அல்லது சோர்வு.

இவற்றுள் எதுவும் இருப்பின் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம். வாகன வசதி இல்லையெனில் 108-ஐ அழையுங்கள். கில்லன்-பாரே நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது. மூச்சுத் தசைகள் தளர்வது வெளித்தோற்றத்துக்கு உடனே புலப்படாது. உரிய காலத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் நடக்கின்றனர்.

ஓரிரு நாட்களுக்குள் காட்ட வேண்டியவை: தோலில் புதிய செம்புள்ளிகள் அல்லது கன்றல்கள், சிறுநீர் நுரைத்துப் போதல் அல்லது கருஞ்சிவப்பாதல், முகமும் கால்களும் வீங்குதல், குழந்தை புதிதாகப் படுக்கையை நனைக்கத் தொடங்குதல், மிகுந்த தாகம். கடைசியாகக் கூறியவற்றுக்கு விரல்நுனிக் குருதியில் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடமே ஆகும். அதை அன்றே பார்த்துவிடுங்கள்.

ஓரிரு வாரங்களுக்குள் காட்ட வேண்டியவை: மூட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் வீக்கம், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், வெயில் பட்டால் கன்னங்களில் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாதல், காரணமின்றி எடை குறைதல். வீக்கமில்லாத மூட்டுவலி மட்டும் எனில், வாரந்தோறும் குறைந்துவருகிறதா என்று கவனியுங்கள். ஆறு வாரங்களைக் கடந்தும் நீடித்தால் மூட்டுநோய் மருத்துவரின் கருத்தைக் கேட்பது நன்று.

பரிசோதனைகள்: வேண்டுவனவும் வேண்டாதனவும்

‘எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்’ என்று சிலர் கேட்கின்றனர். அதில் ஓர் இடர் உண்டு. தன்னெதிர்ப்பு நோய்களுக்கான ஏ.என்.ஏ. பரிசோதனை, குறைந்த செறிவில் பார்க்கும்போது நலமுள்ளோரிடமும் நேர்மறையாக வரும். 1:40 என்னும் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், 1:160 என்னும் அளவில் இருபதில் ஒருவருக்கும் அவ்வாறு வரலாம். வைரஸ் தொற்றுக்குப் பின் இத்தகைய எதிர்ப்பொருள்கள் சிறிது காலம் தோன்றி மறைவதும் உண்டு. முடக்குவாதக் காரணியான ஆர்.எஃப். பரிசோதனையும் அவ்வாறே. எனவே அறிகுறியின்றி எடுக்கப்படும் இப்பரிசோதனைகள் விடையைவிடக் குழப்பத்தையே தரும். சிக்குன்குனியாவுக்குப் பின் மூட்டுவலி நீடிப்போருள் பெரும்பாலோருக்கு, முடக்குவாதத்தைச் சுட்டும் சி.சி.பி. எதிர்ப்பொருள் இருப்பதில்லை. அது இருப்பின், வந்திருப்பது முடக்குவாதமே என்னும் ஐயம் வலுப்பெறுகிறது.

அதே சமயம், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரத்தச் சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை எளியவை, செலவு குறைந்தவை. சிறுநீரில் புரதமோ இரத்தமோ இருப்பது, வலியில்லாமலே சிறுநீரகம் பாதிக்கப்படுவதை முன்கூட்டியே காட்டிவிடும்.

சிகிச்சையும் ஸ்டீராய்டு பற்றிய எச்சரிக்கையும்

சிகிச்சை நோய்க்கு நோய் வேறுபடும். கில்லன்-பாரே நோய்க்கு இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியே செலுத்துகிறோம்; அல்லது இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுகிறோம். தளர்ச்சி தொடங்கிய இரு வாரங்களுக்குள் அளித்தால் பயன் மிகுதி. அந்நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை பயன் தருவதில்லை. லூபஸ், முடக்குவாதம் போன்றவற்றுக்கு எதிர்ப்பாற்றலை அளவாகத் தணிக்கும் மருந்துகள் நீண்ட காலம் தேவைப்படும். முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலினே மருந்து. அதை நிறுத்தி வேறெதையும் பரிசோதித்துப் பார்க்கலாகாது.

காய்ச்சலுக்குப் பின் மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு வாங்கி உண்போரைக் குறித்து நாங்கள் மிகவும் கவலை கொள்கிறோம். ஓரிரு நாளில் வலி பறந்துபோவதால் அது நல்ல மருந்தாகத் தோன்றும். ஆனால் அது நோயின் அடையாளங்களை மறைத்து, சரியான கண்டறிதலைத் தாமதப்படுத்துகிறது, சர்க்கரையை உயர்த்துகிறது, எலும்பை மெலிவிக்கிறது, புதிய தொற்றுகளுக்கு வழி திறக்கிறது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்குக் கட்டுப்பாடற்ற நீரிழிவும், அளவுமீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்களாக அமைந்ததை மறவாதீர்கள். மறுபுறம், மருத்துவர் பரிந்துரைத்துச் சில வாரங்களுக்கு மேல் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் பேராபத்து. உடலின் இயற்கைச் சுரப்பு அதற்குள் உறங்கிப் போயிருக்கும். படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தடுப்பூசி பற்றி

தடுப்பூசியும் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதுதானே, அதனால் இந்நோய்கள் வராதா என்பது நியாயமான கேள்வி. மிக அரிதாக வந்ததுண்டு. 1976-இல் அமெரிக்காவில் போடப்பட்ட பன்றிக்காய்ச்சல் தடுப்பூசிக்குப் பின், ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குக் கூடுதலாகக் கில்லன்-பாரே நோய் வந்தது. தற்போதைய ஃபுளூ தடுப்பூசிகளில் அந்த வாய்ப்பு பத்து இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர் என்ற அளவுக்குள் அடங்குகிறது. ஃபுளூ காய்ச்சலால் அந்நோய் வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். கோவிட் தொற்றுக்குப் பிந்தைய தன்னெதிர்ப்பு நோய்களும், தடுப்பூசி செலுத்திக்கொண்டவர்களிடம் குறைவாகவே காணப்பட்டதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஹெபடைட்டிஸ் பி வைரஸால் வரும் ஒருவகை இரத்தக்குழாய் அழற்சி, அதற்கான தடுப்பூசி பரவிய நாடுகளில் அரிதாகிவிட்டது. தொற்றைத் தடுப்பது, தொற்றின் பின்விளைவையும் சேர்த்தே தடுப்பதாகும். சிக்குன்குனியாவைப் பொறுத்தவரை, வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுவதே நம் கையில் உள்ள சிறந்த தடுப்பு.

முன்னர்க் கில்லன்-பாரே நோய் வந்தவர்களும், எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உண்போரும் தடுப்பூசிக்கு முன் எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை அம்மருந்துகள் உண்போர் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளைத் தொடங்குமுன், உறங்கிக்கிடக்கும் ஹெபடைட்டிஸ் பி மீண்டும் விழிக்காதிருக்க, அதற்கான இரத்தப் பரிசோதனை அவசியம்.

உடனிருந்து பேணுவோருக்கு

காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் விட்டது, புதிய தொல்லை எப்போது தோன்றியது ஆகிய மூன்று தேதிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். இடையில் உண்ட மருந்துகளின் அட்டைகளையும், நாட்டு மருந்துகள் உட்கொண்டிருந்தால் அவற்றையும் மறைக்காமல் காட்டுங்கள். மூட்டு வீக்கமும் தோல் தடிப்பும் வந்து வந்து மறையும் இயல்புடையவை. தோன்றும்போதே கைபேசியில் படமெடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

இந்நோய்களின் களைப்பு வெளியே தெரியாது. பார்ப்பதற்கு நலமாக இருப்பவர் படுத்தே கிடந்தால், சோம்பல் என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். மருமகளாக, மாணவராக, கூலி வேலைக்குச் செல்பவராக இருப்போர் அச்சொல்லுக்கு அஞ்சியே தம் துன்பத்தை மறைக்கின்றனர். சிகிச்சை பலன் தர வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். அக்காலத்தில் மருந்தை நேரம் தவறாமல் எடுத்துக்கொடுப்பதும், அடுத்த வருகைக்கான நாளை நினைவூட்டுவதும், ‘இன்று எப்படி இருக்கிறது’ என்று கேட்டுப் பதிலை நம்புவதும் குடும்பத்தினர் செய்யக்கூடிய பெருந்துணை.

காய்ச்சல் விட்டு ஓரிரு மாதங்களுக்குள் புதிய தொல்லை எதுவும் எழுந்தால், எந்த மருத்துவரிடம் சென்றாலும், ‘சில வாரங்களுக்கு முன் காய்ச்சல் வந்திருந்தது’ என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம், நோயைக் கண்டறியும் காலத்தைப் பெரிதும் குறைக்கக்கூடியது.